தீர்த்தம் போன திசை

"குருவே, வானத்துல களவாணி பூந்துட்டான்!"

இப்படிக் கத்திக்கிட்டுதான் தெய்வசிகாமணி கொட்டகைக்குள்ள வந்தாரு. ரெண்டு கையிலயும் ட்ரோன். பச்சப்புள்ளைக்குத் தல நிக்காதுல்லா, அதத் தாங்குற மாதிரி ட்ரோனோட உச்சிக் குமிழ ஒரு கை தாங்கிக்கிட்டு இருந்துச்சு.

ஜெபக்கனி நிமிரல. ஒரு மோட்டாரப் பிரிச்சுப் போட்டு, தூசிய ஊதிக்கிட்டு இருந்தா.

குருன்னதும் தாடியும் காவியுமா நெனச்சுராதிய. ஜெபக்கனிக்கு முப்பது வயசு கூட இருக்காது. கோவில்பட்டிக்கு வெளிய, மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் ஒண்ணுல ட்ரோன் ரிப்பேர் பாக்கா. சீடருக்குத்தான் பேரன் எடுக்குற வயசு. காலமெல்லாம் மைக்செட் போட்ட மனுசன், போன வருசம் ட்ரோனுக்கு மாறுனாரு. ஓட்டப் படிச்சது இவகிட்ட. கேலிக்குத்தான் 'குருவே'ன்னு கூப்புட ஆரம்பிச்சாரு. வாய் அப்படியே பழகிட்டு.

"யாரு களவாணி?"

"தங்கப்பழம்."

"உங்க சம்பந்தியா?"

"சம்பந்தின்னு சொல்லாத. வாய் கசக்கு."

சொல்லும்போதே அவருக்கு மூஞ்சி செவந்துட்டு. வலது கையில கெடந்த தடிச்ச காப்ப இடது கையால தடவிக்கிட்டாரு. பிரஷர் ஏறுனா அப்படித்தான் தடவுவாரு. தங்கப்பழம்னு பேரு வந்தா ரெண்டு தடவ தடவுவாரு.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நேத்து அம்மன் கோயில் கும்பாபிஷேகம். கலசத் தீர்த்தத்த ட்ரோன்ல ஏத்தி, கூட்டத்து மேல தெளிக்கணும். அதான் நம்ம சோலி. பொம்பளைக எல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு அண்ணாந்து நிக்காக."

"ம்."

"ஏறுச்சு. நின்னுச்சு. நல்லாத்தான் நின்னுச்சு. பொறகு சுத்த ஆரம்பிச்சுட்டு. மொதல்ல ஆட்டுரல் மாதிரி. பொறகு செக்கு மாதிரி. பொறகு ராட்டினம் மாதிரி. சுத்திச் சுத்திப் போயி, தீர்த்தத்தப் பூரா ஒரே எடத்துல கவுத்துட்டு."

"எங்க?"

தெய்வசிகாமணி கண்ண மூடிக்கிட்டாரு.

"ஒயின்ஷாப்பு வரிசையில."

ஜெபக்கனி கையில இருந்த மோட்டார் பொத்துன்னு விழுந்துச்சு.

"அங்க நின்னவுக என்ன செஞ்சாக?"

"கையெடுத்துக் கும்புட்டானுவ! ஒருத்தன் 'இனிமே தொட மாட்டேன் தாயே'ன்னு தரையில உருண்டு அழுதுட்டான்."

"நல்லதுதான?"

"நல்லதா? தர்மகர்த்தா மூஞ்சிய நீ பாத்தியா? அம்மனே அங்கதான் போறான்னு ஊருல பேசிக்கிடுதானுவ!"

ட்ரோன மேசையில வச்சாரு. வைக்கப்போர்ல விழுந்ததால ஒடையல. ஒரு வைக்கோல் மட்டும் காதுல பூ வச்ச மாதிரி சொருகி இருந்துச்சு.

"ஜாமர், குருவே. சாட்டிலைட் சத்தத்த அமுக்குற மெசினு. தங்கப்பழம் சட்டப் பையில வச்சிருந்தான். பை பொடச்சிருந்துச்சு."

"வெத்தலப் பொட்டியா இருக்கும்."

"அவனும் ட்ரோன் விடுதான். எனக்கு வார சோலி எல்லாம் அவனுக்குப் போகணும். அதான் திட்டம்."

"அவரு ட்ரோனும் போன வாரம் சுத்துச்சுன்னாங்களே? கல்யாணத்துல பூத்தூவப் போயி, மாப்பிள்ளைய விட்டுட்டு எரும மேல தூவிட்டு வந்துச்சுன்னு."

"நடிப்பு!" மேசைய ஒரு தட்டு தட்டுனாரு. "தன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னு அவன் ட்ரோனையே கெடுத்து நடிக்கான். எருமையும் அவனுதுதான், தெரியுமா?"

அப்பம் போன் அடிச்சுது. மக சந்தனமாரி. தங்கப்பழம் மவனத்தான் அவ கட்டியிருக்கா.

"எப்பா, கெளம்பவா வேண்டாமா? பொட்டியக் கட்டி வாசல்ல வச்சிருக்கேன். போறவுக வாரவுக எல்லாம் 'ஊருக்கா'ன்னு கேக்காக. நான் என்ன பஸ் ஸ்டாண்டா?"

"இரு தாயி. ஜெபக்கனி லாகு படிச்சுட்டு சொல்லுவா."

"எங்க வீட்டுக்காரக சொல்லிட்டாக." கொரலு ஒடஞ்சுது. "உங்கப்பன் பேச்சக் கேட்டு இன்னைக்குப் போனா, திரும்பி வரவே வேண்டாம்னு."

தெய்வசிகாமணி போன இன்னொரு காதுக்கு மாத்துனாரு.

"சீக்கிரம் படிக்கச் சொல்லுங்க. அடுப்புல சாம்பார் வேற கெடக்கு."

போன வச்சுட்டா.

ஜெபக்கனி அவரையே பாத்தா.

"நேத்து நெறஞ்ச கூட்டத்துல அவன் சட்டையப் புடிச்சுட்டேன், குருவே. நம்ம புள்ள இனிமே அந்தப் படியில நிக்கக்கூடாதுன்னு கத்திட்டேன். நீ ஜாமர்னு ஒரு வார்த்த சொல்லு. நேரா ஸ்டேஷன். பொறகு மகளக் கூட்டிட்டு வீடு."

"ஜாமர் இல்லன்னா?"

"இருக்கும்."

●

லாகுன்னா வேற ஒண்ணுமில்ல. ட்ரோன் பறக்கும்போது தனக்குத்தானே மொனங்கிக்கிட்டே போற பேச்சு. எத்தன சாட்டிலைட் தெரியுது, எங்க நிக்கேன், எந்தப் பக்கம் பாக்கேன், எந்தப் பக்கம் போறேன், எல்லாத்தையும் மொனங்கும். தப்பு பண்ணுனா அதையும் சேத்து மொனங்கும். அந்த ஒரு விசயத்துல நம்மளவிட நல்ல சாதி.

ஜெபக்கனி அத லேப்டாப்புல எறக்குனா. திரையில கோடு கோடா விழுந்துச்சு. ஒரு கோட்டுல வெரல வச்சா.

"இது சாட்டிலைட். ஜாமர் போட்டா இது கெணத்துல விழுந்த மாதிரி விழும்."

தெய்வசிகாமணி கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு.

கோடு விழல. ஏறுனதுல இருந்து வைக்கப்போரு வரைக்கும் மட்டப்பலக வச்சுக் கிழிச்ச மாதிரி போயிக்கிட்டு இருந்துச்சு.

"தலகீழாப் புடிச்சிருக்கியோ?"

"லேப்டாப்பையா?"

"பொய், குருவே. இது பொய்."

"எங்க நிக்கோம்னு உங்க ட்ரோனுக்கு ஒரு நிமிசம் கூட மறக்கல அண்ணாச்சி."

அவரு ஸ்டூல்ல உக்காந்தாரு.

"எங்க நிக்கோம்னு தெரிஞ்சா அது ஏன் ஒயின்ஷாப்புக்குப் போச்சு?"

ஜெபக்கனி அவரு தோள்ல கெடந்த துண்ட உருவிக்கிட்டு வெளிய போனா.

●

கொட்டகைக்கு முன்னால கரிசக்காடு. ஒரு செடி கெடையாது. நடுவுல அவர நிறுத்தி, துண்டால கண்ணக் கட்டுனா. தோளப் புடிச்சு ரெண்டு மூணு சுத்து சுத்தி விட்டா.

"என்னம்மா இது, வயசான காலத்துல கண்ணாமூச்சி?"

"இப்ப நீங்க வடக்க பாத்து நிக்கிய."

"சரி."

"நின்ன எடத்துலயே நிக்கணும். வெலகுனா நான் சொல்லுவேன். திருத்திக்கிடணும்."

"இதென்ன பெரிய வித்த?"

"தெக்க ஒரு அடி வெலகிட்டிய."

தெய்வசிகாமணி வடக்க பாத்து நிக்கோம்ங்குற தைரியத்துல முன்னால ஒரு அடி வச்சாரு.

"இப்ப கெழக்க போயிட்டிய. மேக்க வாங்க."

இடது பக்கம் ஒரு அடி.

"வடக்க போயிட்டிய!"

"நான் மேக்கதான வந்தேன்?"

"வடக்க போயிட்டிய. தெக்க வாங்க."

பின்னால ஒரு எட்டு.

"இப்ப மேக்க. கெழக்க வாங்க, கெழக்க!"

வலது பக்கம் ரெண்டு எட்டு.

"தெக்க போறிய! வடக்க, வடக்க!"

மனுசனுக்குப் பதட்டம் வந்துட்டு. எட்டப் பெருசாப் போட்டாரு. அவ திருத்தத் திருத்த, வட்டம் அகலமாச்சு. ஆட்டுரல் செக்காச்சு, செக்கு ராட்டினமாச்சு. கடைசியில மடமடன்னு நாலு எட்டு வச்சவரு, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வச்சிருந்த கழனித் தொட்டிக்குள்ள மொழங்கால் வரைக்கும் எறங்கி நின்னாரு.

துண்ட அவுத்தாரு. எதிர்ல மாடு. அதுக்கும் அதிர்ச்சிதான்.

சூரியனப் பாத்தாரு. தான் மொதல்ல நின்ன எடத்தப் பாத்தாரு. செருப்புத் தடத்தப் பாத்தாரு.

"நீ என்னைய கெழக்க பாத்து நிறுத்திட்டு, வடக்குன்னு பொய் சொல்லியிருக்க!"

"ஆமா."

"வெலகுறது நீ ஒழுங்காச் சொன்ன. எனக்கு வடக்கு தப்பா இருந்தா நான் எப்படித் திருத்துவேன்?"

"அதேதான் அண்ணாச்சி."

தொட்டித் தண்ணி சொட்டச் சொட்ட நின்னாரு.

"அப்ப என் ட்ரோனுக்கு வடக்கு தப்பா?"

"யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காக."

"தங்கப்பழம்!"

ஜெபக்கனி திரும்பி நடந்தா.

●

ட்ரோனுக்குள்ள ஒரு காம்பஸ் இருக்கு. வடக்கு எதுன்னு அதுதான் சொல்லணும். பறக்கதுக்கு முன்னால ட்ரோனக் கையில தூக்கி, நேரா, குப்புற, பக்கவாட்டுல எல்லாப் பக்கமும் சுத்திக் காட்டுனா, காம்பஸ் வடக்கப் படிச்சுக்கும். ஒரு தடவ ஒழுங்காச் சுத்துனா ரொம்ப நாளைக்குப் போதும். நம்மாளு ஒவ்வொரு தடவையும் சுத்துவாரு. சூடம் காட்டுற மாதிரி. உச்சிக் குமிழுக்குள்ளதான் ஜிபிஎஸ்ஸும் காம்பஸும் இருக்குன்னு, அதப் பத்தரமாத் தாங்கிக்கிட்டே சுத்துவாரு.

ஜெபக்கனி பழைய லாகு எல்லாத்தையும் வரிசையாப் போட்டா.

"பங்குனி வரைக்கும் வடக்கு வடக்கா இருக்கு. சித்திரையில இருந்து பெரண்டு கெடக்கு. சித்திரையில என்ன மாத்துனிய?"

"ஒண்ணும் மாத்தல."

"நல்லா யோசிங்க."

"மோட்டாரு அதே. பேட்டரி அதே. எறக்க அதே. வயரு அதே. தீர்த்தத் தொட்டியும் அதே. ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்டல."

"வேற?"

"வேற என்ன இருக்கு அதுல? நானா ஒளிஞ்சிருக்கேன் உள்ள?"

ஜெபக்கனி ட்ரோன வெளிய தூக்கிட்டுப் போனா. அவரு புடிக்கிற மாதிரியே குமிழத் தாங்கிப் புடிச்சா. சுத்திக் காட்டுனா. வச்சா. பறக்க விட்டா.

ட்ரோன் ஏறி நின்னுச்சு. ஆணி அடிச்ச மாதிரி. காத்து தள்ளுச்சு, போகல. காக்கா வந்து பாத்துச்சு, அசரல.

தெய்வசிகாமணிக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

"சரியாயிட்டே, குருவே! உன் கை பட்டதும் சரியாயிட்டே!"

எறக்குனா.

"இப்ப நீங்க சுத்துங்க."

"எதுக்கு? அதான் சரியாயிட்டே."

"சுத்துங்க."

சுத்துனாரு. அதே குமிழு, அதே புடி, அதே சுத்து. இவரு இன்னும் பக்தியாவே சுத்துனாரு. வச்சாரு. பறக்க விட்டாரு.

ஏறுச்சு. நின்னுச்சு.

ஆட்டுரல்.

"ஐயோ."

செக்கு.

"குருவே!"

ராட்டினம். அந்தப் பக்கம் மேஞ்ச ஆடு எல்லாம் நாலா பக்கமும் தெறிச்சு ஓடுச்சு. ஜெபக்கனி ரிமோட்டப் புடுங்கி எறக்குனா.

தெய்வசிகாமணி தன் ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தாரு. யாரோ அவரு தூங்கும்போது வேற கைய மாட்டிவிட்ட மாதிரிப் பாத்தாரு.

"என் கையா?"

ஜெபக்கனி ட்ரோனத் தூக்கி வாசல்ல வச்சா.

"நானா?"

அவரு மூஞ்சி வெளுத்துட்டு. ஆனா ரொம்ப நேரம் வெளுத்துக் கெடக்குற மூஞ்சியா அது? கொஞ்ச நேரத்துல செவந்துட்டு.

"செய்வின! தங்கப்பழம் என் கைக்குச் செய்வின வச்சிட்டான்!"

●

ஜெபக்கனி உள்ள போயி, மறுபடியும் அந்த மோட்டார் முன்னால உக்காந்துட்டா. மூட்ட ஆரம்பிச்சா.

அவரு வாசல்ல நின்னாரு.

"நான் கத்திக்கிட்டே இருக்கேன். நீ மோட்டாரு மூட்டுத."

"அந்த டப்பாவுல இருந்து ஒரு ஸ்க்ரூ எடுத்துத் தாங்க அண்ணாச்சி."

"என் குடும்பமே கழண்டு கெடக்கு. உனக்கு ஸ்க்ரூவா?"

"ஒண்ணே ஒண்ணு."

மொனங்கிக்கிட்டே டப்பாவுக்குள்ள வலது கைய விட்டாரு. ஒரு ஸ்க்ரூவப் புடிச்சாரு. கைய வெளிய எடுத்தாரு.

வெரல்ல ஒண்ணு இருந்துச்சு.

மணிக்கட்டுல ஒரு கூட்டமே தொங்குச்சு. தேனடையில ஈ மொச்ச மாதிரி காப்பச் சுத்தி ஸ்க்ரூ. கைய ஒதறுனாரு. ஒண்ணு கூட விழல.



"குருவே... இது பிபி காப்பு."

"ம்."

"காந்தக் காப்பு. ரத்தத்த இழுத்து நெதானமா ஓட வைக்குமாம்."

"ரத்தத்த இழுக்குதோ என்னமோ, வடக்க இழுத்துட்டு."

அவரு காப்பப் பாத்தாரு. வாசல்ல கெடக்குற ட்ரோனோட குமிழப் பாத்தாரு. குமிழத் தாங்குற கை எதுன்னு யோசிச்சாரு. சூடம் காட்டுற மாதிரி எத்தன தடவ சுத்துனோம்னு யோசிச்சாரு.

"எப்பம் போட்டிய அத?"

"சித்திர பொருட்காட்சியில..."



"யாரு வாங்கிக் குடுத்தா?"

அவரு கைய முதுகுக்குப் பின்னால மறைச்சாரு.

"அண்ணாச்சி?"

"அவன்தான்."

"எவரு?"

"தங்கப்பழம்!" ஒரே குதி குதிச்சாரு. "பாத்தியா, பாத்தியா! வேணும்னே வாங்கிக் குடுத்திருக்கான்! 'உமக்குக் கோவம் சாஸ்தி, ஒடம்பப் பாத்துக்கிடும்'னு அவன் கையாலயே மாட்டி விட்டான். நானும் கண்ணு கலங்கி நின்னேன்! எப்படிப்பட்ட சதி!"

பிரஷர் ஏறுச்சு. பழக்கத்துல இடது கை காப்பத் தடவப் போச்சு. ஸ்க்ரூ முனை சுருக்குன்னு குத்துச்சு.

"ஸ்ஸ்..."

ஜெபக்கனி ஒரு ஸ்க்ரூவ அவரு மணிக்கட்டுல இருந்தே பிச்சு எடுத்து மோட்டார்ல வச்சுத் திருகுனா.

"நல்ல காப்பு. ஒண்ணுதான் வாங்குனாரா?"

"ஜோடி. உமக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு அப்பமே அவன் கையிலயும் ஒண்ண..."

வாய் தொறந்தது தொறந்தபடி நின்னுட்டு.

எரும மேல பூ விழுந்துச்சுல்லா, அது அவருக்கு இப்பம்தான் கண்ணுல தெரிஞ்சிருக்கணும்.

மெதுவா உக்காந்தாரு. காப்பக் கழட்டுனாரு. ஸ்க்ரூ ஒவ்வொண்ணாப் பிச்சு டப்பாவுல போட்டாரு. காப்ப மட்டும் இடுப்புல சொருகிக்கிட்டாரு. வெறுங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

வெளிய பைக்கு வந்து நிக்கிற சத்தம்.

"ஏ ஜெபக்கனி! அந்தாளு இங்கதான இருக்கான்?"

தங்கப்பழம். ரெண்டு கையிலயும் ட்ரோன். ஒரு கை பச்சப்புள்ளையத் தாங்குற மாதிரி உச்சிக் குமிழத் தாங்கியிருந்துச்சு.

"வே தெய்வசிகாமணி! எரும மேல பூத் தூவ வச்சது நீரு! ஊரு சிரிக்க வச்சது நீரு! நேத்து என் சட்டையப் புடிச்சதும் நீரு! என் மருமவ பொட்டியோட வாசல்ல நின்னு அழுதா. என் வீட்டுக்காரி அடுப்படியில அழுதா. என் மவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான். லாகப் படி ஜெபக்கனி! இவன் ஜாமர் வச்சத இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துரணும்!"

மூச்சு வாங்குச்சு. மூஞ்சி செவந்துச்சு. ட்ரோன மேசையில வச்சுட்டு, வலது கைக் காப்ப இடது கையால தடவுனாரு.

தெய்வசிகாமணி அந்தத் தடவலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

போன் அடிச்சுது.

"எப்பா, கடைசியாக் கேக்கேன். கெளம்பவா வேண்டாமா?"

"சாம்பார எறக்கி வை தாயி. பொட்டியையும் உள்ள எடுத்து வை."

போன வச்சாரு. தங்கப்பழம் கைய ஓங்கிக்கிட்டு நின்னாரு.

"என்னவே பேச்சக் காணோம்? சொல்லும்! வாயத் தொறந்து ஏதாவது சொல்லும்!"

தெய்வசிகாமணி டப்பாவ அவரு பக்கம் மெல்லத் தள்ளுனாரு.

"சம்பந்தி, இதுல இருந்து ஒரு ஸ்க்ரூ எடுத்துத் தாரும்."